கோணல் கம்மல்

உங்கள் கைவினைச் சந்தையில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம், ஸ்டாலுக்கு ஒரு ஃபேன் கொடுப்பது. மற்ற சந்தைகளில் அதுகூடக் கிடையாது. மார்ச் மாதம் மும்பை செம்பூரில் ஒரு மண்டபத்துக்குள் எட்டு மணி நேரம் நின்றவனுக்குத்தான் அதன் அருமை தெரியும். அதனால் சந்தைக் குழு எழுத்தில் விளக்கம் கேட்டபோது எனக்குக் கோபம் வரவில்லை. கேட்டீர்கள், சொல்கிறேன்.

என் பெயர் அப்ரார். வீடு தாராவி, கல்லூரி மாட்டுங்கா. கல்லூரி விழாக்களுக்கு நையாண்டி நாடகம் எழுதித் தருவேன். பணம் உள்ளவர்கள் எதைப் பார்த்தால் கண்கலங்குவார்கள் என்று எனக்குத் தெரியும். கம்மல் செய்யத்தான் தெரியாது. செய்தவர் பக்கத்து வீட்டு ஆபிதா ராத்தா. எங்கள் பக்கம் அக்காவை ராத்தா என்போம். வயது ஐம்பத்திரண்டு. கணவர் இறந்துவிட்டார். ஒரே மகள் பரீஹாவை மான்குர்த்தில் கட்டிக்கொடுத்திருக்கிறார். கடுகளவு பாசிமணிகளை ஊசியில் கோத்து, வரிசை வரிசையாகச் சேர்த்து, மீன், பிறை, மாங்காய் என்று கம்மல் செய்வார். ஒரு மணி பிசகாது.

அதுதான் சிக்கல். விற்பது என் வேலை. முதல் வருடம் ஒன்றும் போகவில்லை. மேடம்கள் எடுப்பார்கள், திருப்பிப் பார்ப்பார்கள், "மெஷின் பீஸ்" என்று சொல்லி வைத்துவிட்டுப் போவார்கள். இரண்டு நாள் முதுகு ஒடியச் செய்த பொருள், நன்றாக இருந்த குற்றத்துக்காக வீடு திரும்பும். உங்கள் சமையலறை அலமாரிக் கதவு ஒரு நூல் கோணினால் தச்சனை நாலு தடவை மாடி ஏற வைப்பீர்கள். ஏழை செய்த கம்மல் மட்டும் நேராக இருந்துவிடக் கூடாது.

பிறகு ராத்தாவின் சர்க்கரை கண்ணில் இறங்கியது. முதலில் மீனின் வால் ஒரு வரிசை மேலே ஏறிக்கொண்டது. அடுத்து பிறை நெளிந்தது. தூக்கிப்போட மனமில்லாமல் அவற்றையும் சேர்த்து எடுத்துக்கொண்டு, உங்கள் குழுத் தலைவி விஜயராணி மேடம் வீட்டு பார்ட்டிக்கு விற்கப் போனேன். சோபாவில் பத்துப் பேர், டீப்பாயில் சமோசா, நடுவில் என் தட்டு.

"ஐயோ, இந்த வாலப் பாருங்களேன், எப்படிக் கோணிக்கிட்டு நிக்குது," என்றார் மேடம். "இதத்தாங்க ஹேண்ட்மேட்னு சொல்றது."

"பாவம், யாருப்பா செஞ்சது?" என்றார் இன்னொருவர், இரண்டு ஜோடியை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு.

கண் சரியில்லாத ஒரு அம்மா என்று சொன்னேன். சமோசா ஆறுவதற்குள் தட்டு காலி. நேரான கம்மல்கள் மட்டும் மிஞ்சின.

அன்றே கம்மல் டப்பாவுக்குள் வைக்க ஒரு அட்டை எழுதினேன், ஆங்கிலத்தில். 'மங்கிவரும் கண்கள் கோத்தது. அந்த ஒளி இருக்கும்வரை மட்டுமே கிடைக்கும்' என்பது அதன் சாரம். நான் எழுதியதிலேயே அதிகம் பேர் படித்தது அதுதான். உங்களில் ஒருவர் அதை வரவேற்பறையில் ஃபிரேம் போட்டு மாட்டியிருக்கிறார்.

இதற்கு நடுவில் ராத்தாவைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனதும் நான்தான். டாக்டர் தெளிவாகச் சொன்னார்: லேசர் வைக்க வேண்டும். தாமதித்தால் உள்ளே ரத்தம் கசிந்து இருட்டிவிடும், பிறகு கஷ்டம். தேதியை மெசேஜில் அனுப்புவோம், நம்பர் கொடுங்கள் என்றார்கள். ராத்தாவுக்கு இங்கிலீஷ் வாசிக்க வராது. "இந்தத் தம்பி நம்பரையே போட்டுக்கோங்க," என்றார்.

நான் அவசரப்படவில்லை. மாற்றுவழி தேடினேன். என் வகுப்புத் தோழி தமன்னாவிடம் மணிகளைக் கொடுத்து, கொஞ்சம் கோணலாகச் செய்து தரச் சொன்னேன். செய்தாள். பார்க்கச் சகிக்கவில்லை. நல்ல கண்ணால் செய்த கோணலில் திமிர்தான் தெரிகிறது. லேசர் வைத்தால் ராத்தாவின் வால்கள் மறுபடி நேராகும், அட்டை பொய்யாகும். எழுதுகிறவனுக்கு எழுத்து பொய்யாவதைவிடப் பெரிய அவமானம் இல்லை.

முதல் தேதி நவராத்திரி வாரத்தில் வந்தது. மாட்டுங்காவில் மட்டும் நாலு வீட்டு பார்ட்டி இருந்த வாரம் அது.

"தம்பி, ஆஸ்பத்திரிலேர்ந்து எதுவும் வந்துச்சா? தாரீக் குடுத்தானா?"

"லேசர் மெஷின் கெட்டுப்போச்சாம் ராத்தா. பொறவு சொல்றாங்களாம்."

"மெஷினுக்கே கண்ணு போயிட்டாக்கும்," என்று சிரித்தார்.

ஆஸ்பத்திரிக்கு, அவர் ஊருக்குப் போயிருக்கிறார் என்று பதில் அனுப்பினேன். சொல்லாமல் விட்டிருந்தால் அந்த இடம் வீணாகியிருக்கும். நான் சொன்னதால் வேறு யாருக்கோ கண் பிழைத்திருக்கும். அதை யாரும் எனக்கு வரவு வைப்பதில்லை.

இரண்டாவது தேதி டிசம்பரில் வந்தது. அதற்கும் அப்படியே செய்தேன். ஜனவரியில் ராத்தாவின் வலது கண் அணைந்தது. "போனது போச்சு, இன்னொன்னு இருக்குல்லா," என்றார். மெஷின் சரியாகும் என்று அவர் காத்திருந்தார். அடுத்த தேதி மார்ச்சில் வந்தது. அதே மார்ச்சில் உங்கள் குழு கடிதம் அனுப்பியது: கைவினைஞரையே ஸ்டாலில் உட்காரவைத்துச் செய்து காட்டினால் முன்வரிசையில் இடம். ஆஸ்பத்திரி கொடுத்த நாளும் உங்கள் நாளும் ஒன்றாக இருந்தன. யோசித்தேன். டாக்டர் வாராவாரம் இருப்பார். சந்தை வருடத்துக்கு ஒருமுறை.

வந்து உட்கார்ந்தார். நல்ல சேலை கட்டியிருந்தார். ஊசியில் நூல் கோக்க ஏழு தடவை முயன்றார். நீங்கள் சுற்றி நின்று வீடியோ எடுத்தீர்கள். எட்டாவது தடவை கோத்ததும் கை தட்டினீர்கள். யாருக்காவது கோத்துக் கொடுக்கத் தோன்றியதா என்று நான் கேட்கவில்லை, விளக்கம் கேட்பது நீங்கள் என்பதால்.

நாலு மணி இருக்கும். ராத்தா தலையைத் தூக்கினார்.

"தம்பி, லைட்ட அணைச்சிட்டாவளா?"

மண்டபத்தில் எல்லா விளக்கும் எரிந்துகொண்டிருந்தது.

"கரண்ட் போயிட்டு ராத்தா."

"பொறவு ஃபேன் எப்பிடி ஓடுது?"

"ஃபேன் மட்டும் ஜெனரேட்டர்ல ஓடுது."

"சரிதான்," என்று தலையாட்டிவிட்டு, விரலால் மணியைத் தடவி மேலே கோத்தார். ஆறு மணிவரை கரண்ட் வரவில்லை. சிறந்த ஸ்டால் பரிசு எங்களுக்குக் கிடைத்தது. கோப்பையை விஜயராணி மேடம் கொடுத்தார், நான் வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் பரீஹா அவரைக் கூட்டிக்கொண்டு போனாள். ஆஸ்பத்திரியில், இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்றார்கள். ஏன் மூன்று தடவையும் வரவில்லை என்று அவளிடம் தனியாகக் கேட்டிருக்கிறார்கள். அவள் நேரே என் வீட்டுக்கு வந்து போனைப் பிடுங்கி மூன்று மெசேஜையும் வாசித்தாள்.

"நீ வாசிச்சுச் சொல்லுவேன்னுதானடா எங்க உம்மா உன் நம்பரக் குடுத்துச்சு," என்றாள். அவள் அடிக்கவில்லை. போனைத் தரையில் வைத்துவிட்டுப் போனாள். அடுத்த நாள் உங்களுக்கு எழுதினாள். உம்மாவிடம் இன்னும் சொல்லவில்லையாம், தாங்காது என்று.

அவள் எழுதியது எல்லாம் உண்மை. மூன்று தேதிகளையும் மறைத்தவன் நான். மறைத்தால் என்ன ஆகும் என்று டாக்டர் சொன்னபோது பக்கத்தில் இருந்தவனும் நான்தான். மறதி இல்லை, குழப்பம் இல்லை. கம்மல் கோணலாக வர வேண்டியிருந்தது.

இப்போது அதுவும் வருவதில்லை. பார்வை போன பிறகு ராத்தா விரலால் எண்ணிக் கோக்கிறார். விரல் பொய் சொல்வதில்லை போலிருக்கிறது, மீனின் வால் அம்பு மாதிரி நிற்கிறது. நேற்று அந்த வீட்டு வாசலில் நின்று, பழைய மாதிரி கொஞ்சம் கோணலாகச் செய்ய முடியுமா என்று கேட்டேன்.

ராத்தாவின் விரல்கள் நின்றன. "கோணலாவா? நான் என்னைக்கு தம்பி கோணலாச் செஞ்சேன்?"

அவருக்குத் தெரியாது. விற்றுப்போன ஒவ்வொன்றும் நேராக இருந்ததால்தான் விற்றது என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"இல்ல ராத்தா, எல்லாம் நேராத்தான் இருந்துச்சு, சும்மா கேட்டேன்," என்றேன். தொழிலில் அத்தனை கர்வம் உள்ள மனுஷியிடம் உண்மையைச் சொல்லி மனதை நோகடிக்க எனக்கு வரவில்லை. உங்கள் அறிக்கையில் என்ன வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள். ஈரமில்லாதவன் என்று மட்டும் எழுதாதீர்கள்.