தபால்தலையின் பின்பக்கம்

தபால்தலையின் பின்பக்கத்தை யாரும் பார்ப்பதில்லை. என் வேலை அந்தப் பக்கத்தில்தான்.

அச்சகத்தின் மூன்றாவது மாடியில் பசை ஆய்வகம் இருக்கிறது. நான்கு மேசை, ஒரு தராசு, தெருவைப் பார்த்த ஒரு சன்னல். வேதியியல் படித்து முடித்த கையோடு அங்கே சேர்ந்தேன். பசை பூசிய தாள் உருளை உருளையாக வரும். ஒவ்வோர் உருளையிலிருந்தும் ஒரு துண்டு வெட்டி, எவ்வளவு நேரத்தில் ஒட்டுகிறது, வெயிலில் சுருள்கிறதா, நாக்கில் கசக்கிறதா என்று பார்த்து எழுத வேண்டும். கசப்புக்குக் கருவி கிடையாது. நாக்குதான். ஒரு நாளைக்கு இருபது துண்டு நக்குவேன். சாயங்காலம் சாப்பாட்டில் உப்பு இருக்கிறதா இல்லையா என்றுகூடத் தெரியாது.

யாரோடும் அதிகம் பேச வேண்டாத வேலை. எனக்கு அது பிடித்திருந்தது.

அக்காவைப் பற்றிக் கேட்டீர்கள். கூடப் பிறந்தவள் இல்லை. தபால்தலைகளுக்குப் படம் வரைகிறவள். என்னைவிட ஆறு வயது மூத்தவள். பெண்கள் விடுதியில் நான்கு ஆண்டு ஒரே அறையில் இருந்தோம். முதல் நாள் பெட்டியோடு வாசலில் நின்றேன்.

"எந்த செக்‌ஷன்?" என்றாள்.

"பசை."

"அதான் வாசல்லயே ஒட்டிக்கிட்டு நிக்கிறியா? உள்ள வா."

அன்றிலிருந்து என் பெயர் பசை. ஒரே வாரத்தில் அச்சகம் முழுக்க அப்படித்தான் கூப்பிட்டார்கள். வேறு யார் ஆரம்பித்திருந்தாலும் அழுதிருப்பேன். நான் ஒரு வார்த்தை சொல்வதற்குள் அவள் ஒன்பது சொல்லிவிடுவாள். கடையில், வங்கியில், விடுதிக் காப்பாளரிடம், எனக்கும் சேர்த்து அவளே பேசினாள்.

அவளுக்கு மீன் ஆகாது. பிடிக்காது என்பதில்லை; உடம்புக்கு ஆகாது. இரண்டாம் ஆண்டில் ஒரு நாள், கேன்டீனில் மீன் பரிமாறிய கரண்டியாலேயே அவள் தட்டில் காய்கறியைப் போட்டுவிட்டார்கள். ஐந்து நிமிடத்தில் உதடு வீங்கியது. பத்து நிமிடத்தில் தொண்டை அடைத்தது. நான்தான் வண்டியில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனேன். மருத்துவர் பேனா மாதிரி ஓர் ஊசியைக் கொடுத்து, மறுபடி இப்படி ஆனால் உடனே போட வேண்டும், எப்போதும் கூடவே இருக்கட்டும் என்றார்.

"என்கிட்ட இருந்தா தொலைச்சிடுவேன்" என்றாள் அக்கா. "நீ வெச்சுக்கோ பசை. என் உயிர் உன் பையிலயே இருக்கட்டும்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். என் கைப்பையின் வெளி அறையில் வைத்தேன். வேறு எந்த அறைக்கும் அதை மாற்றியதில்லை. காலாவதி ஆனதும் புதிது வாங்கி அதே இடத்தில் வைத்தேன்.

இந்த ஆண்டு மாநிலத்துக்கு ஐம்பது வயது. சிறப்புத் தபால்தலை வேண்டும் என்று மேலிடத்தில் கேட்டார்கள். தலைவர்கள் முகம் வேண்டாம், கட்டடம் வேண்டாம், மாநிலத்தின் நிலம் தெரிய வேண்டும். அக்கா ஆறு படம் போட்டாள். ஆறும் திரும்பி வந்தன.

"எல்லாம் மளிகைக்கடை காலண்டர் மாதிரி இருக்கும்மா" என்றாராம் மேலாளர். "இதுல நம்ம மாநிலம் எங்க இருக்கு?"

அறைக்கு வந்து கட்டிலில் விழுந்தாள். "எங்க இருக்குன்னு அவருக்குத் தெரிஞ்சா சொல்லட்டும், பஸ் ஏறிப் போய்ப் பார்த்துட்டு வரேன்" என்றாள். அப்புறம் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் அழுது நான் பார்த்தது அன்றுதான்.

நான் என் பெட்டியிலிருந்து நோட்டை எடுத்தேன். வாழ்நாளில் நான் ஒழுங்காக வரைந்தது ஒரே ஒரு படம். ஓர் ஏரி, பின்னால் மூன்று முகடு உள்ள மலை, ஏரிக்கரையில் ஓர் ஒற்றையடிப் பாதை, அதில் என் அம்மா.

அம்மா கடிதம் சுமந்தவள். மலைக்கு அந்தப் பக்கம் பதினோரு வீடுகள் இருந்தன. அவற்றுக்குத் தினமும் நடந்து போய்க் கொடுத்துவிட்டு வருவாள். தற்காலிக வேலை. பத்தொன்பது ஆண்டு தற்காலிகமாகவே இருந்தது. பை இடது தோளில், உடம்பு வலப்பக்கம் சாய்ந்து, ஒரு கம்பி ஒடிந்த குடை. ஒரு மழைநாளில் அந்தப் பாதையிலேயே வழுக்கி விழுந்து இறந்தாள். குடையைப் பையின் மேல் கவிழ்த்திருந்தாள். உள்ளே இருந்த மூன்று கடிதங்களும் நனையவில்லை. அஞ்சலகத்தில் அதைப் பெருமையாகச் சொன்னார்கள். அதோடு சரி. அம்மாவைப் புகைப்படம் எடுத்தவர்கள் யாருமில்லை. நான் மறந்துவிடுவேனோ என்று பயந்து வரைந்ததுதான் அந்தப் படம்.

அக்கா எழுந்து உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தாள். பேசவில்லை. அவள் பேசாமல் இருப்பது அபூர்வம்.

"யாரு இது?"

"அம்மா."

"இதைக் குடு பசை."

"அம்மாவை எடுத்துடுவீங்களா?"

அவள் என் கையைப் பிடித்துத் தன் தலையில் வைத்தாள். அப்போதுதான் குளித்திருந்தாள், முடி ஈரமாக இருந்தது. "என் தலை மேல சத்தியம். உங்க அம்மா இல்லாம இந்தப் படம் இல்ல. போதுமா?"

கொடுத்தேன்.

மேலாளருக்குப் படம் உடனே பிடித்துவிட்டது. அக்காவுக்கு ஓய்வே இல்லை. அறையில் வேலை செய்யும்போது நான் உள்ளே வந்தால் தாளைக் கவிழ்த்து வைப்பாள். "முடியட்டும், அப்புறம் காட்டுறேன்" என்பாள். நான்கு ஆண்டில் அவள் என்னிடம் மறைத்த முதல் தாள் அது. பிறகு அறிவிப்புப் பலகையில் விழாச் செய்தி வந்தது. படம் என்று போட்டு, எதிரே அவள் பெயர் மட்டும் இருந்தது. மூன்று முறை படித்தேன். இடம் போதாமல் விட்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். கீழே பாதிப் பலகை காலியாகத்தான் இருந்தது.

விழாவுக்கு முந்தைய செவ்வாய்க்கிழமை, பசை அறிக்கை கொடுக்க அச்சுப் பிரிவுக்குப் போனேன். கம்பித்தட்டில் தாள்கள் காய்ந்துகொண்டிருந்தன.

"வாம்மா பசை" என்றார் இயந்திரக்கார அண்ணன். "உங்க அக்கா படம் பாரு. ஏரியில கையை விட்டா நனையும் போல இல்ல?"

ஏரி இருந்தது. மூன்று முகடும் இருந்தன. பாதை காலியாக இருந்தது. அம்மா நடந்த இடத்தில் புல் வளர்ந்திருந்தது.

"நல்லா இருக்கு அண்ணா" என்றேன். அறிக்கையில் கையெழுத்து வாங்கிக்கொண்டு மாடி ஏறினேன். அன்று மீதமிருந்த ஒன்பது துண்டுகளையும் சோதித்து முடித்தேன். வேண்டுமானால் பதிவேட்டில் பாருங்கள், ஓர் எண்கூடத் தவறியிருக்காது.

நான் கேட்கவில்லை என்று நினைக்காதீர்கள். கேட்டேன். எனக்கு அது சுலபமில்லை. அன்று சாயங்காலம் அவள் கண்ணாடி முன் தலை வாரிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அம்மா எப்படி இருக்காங்க?"

"யாரு அம்மா?" என்றாள். அப்புறம் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். "ஓ, அவங்களா. சனிக்கிழமை பார்க்கத்தானே போறே? அதுக்குள்ள உனக்கு என்ன அவசரம்?"

யாரு அம்மா. அந்த இரண்டு வார்த்தைக்குப் பிறகு மற்றது எதுவும் என் காதில் சரியாக விழவில்லை. என் கை அவள் ஈரத் தலையில் இருந்தது மட்டும் நினைவுக்கு வந்தது.

எங்கள் அச்சகத்தில் ஒரு பழக்கம் உண்டு. புதிய தபால்தலை வெளியாகும் நாளில், முதல் தாளின் மேல் வரிசையில் உள்ள முதல் தபால்தலையை, படம் வரைந்தவரே கிழித்து, நாக்கில் நனைத்து, ஓர் உறையில் ஒட்ட வேண்டும். அதன்பிறகுதான் மேடையில் மூடி வைத்திருக்கும் பெரிய படத்தின் திரையை விலக்குவார்கள். மேசையில் ஈரப் பஞ்சும் இருக்கும். அதைத் தொட்டால் கேலி செய்வார்கள். "வரைஞ்சவங்க எச்சில் படாத ஸ்டாம்ப் ஊர் போய்ச் சேராது" என்று மேலாளர் எல்லா விழாவிலும் சொல்வார். எல்லாரும் எல்லா விழாவிலும் சிரிப்பார்கள்.

அந்த விழாத் தாள் தனி. கனமான தாள், பசையில்லாமல் அச்சாகும். அதைக் கவிழ்த்து, மெல்லிய தாள்களுக்கு நடுவில் வைத்து ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். தூரிகையால் கையாலேயே பூச வேண்டும். நாற்பது நிமிடத்தில் காய்ந்துவிடும். வியாழக்கிழமை காலையில் வந்தது. அன்றே பூசிவிட்டேன். சனிக்கிழமை வரை என் மேசையில்தான் இருந்தது.

நாற்பது தலைகள். முப்பத்தொன்பதுக்கு வழக்கமான பசை. முதல் தலைக்கு மட்டும் வேறு. மீன் தோலைக் காய்ச்சி எடுக்கிற பசை. விஷம் என்று செய்தித்தாளில் போட்டிருக்கிறார்கள், அது தவறு. பழைய காலத்தில் பலரும் பயன்படுத்தியதுதான், ஆய்வகப் புத்தகத்திலேயே இருக்கிறது. நானே நக்கிப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. கொஞ்சம் வாடை வந்தது, அதனால் ஒரு சொட்டுக் கிராம்பு எண்ணெய் விட்டேன். விற்பனைக்குப் போகும் தாள்களில் எந்தக் குறையும் இல்லை. அவற்றைத் தாராளமாக வெளியிடலாம். என் வேலையில் நான் குறை வைக்கிறவள் இல்லை.

அவள் சாக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. உதடு வீங்கட்டும், மேடையில் பேச முடியாமல் போகட்டும் என்றுதான் நினைத்தேன். எப்போதும் அவளே பேசுகிறாள். ஒரு நாள் பேசாமல் இருக்கட்டும்.

சனிக்கிழமை நல்ல கூட்டம். நான் மூன்றாவது வரிசை ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். மேலாளர் எச்சில் பற்றிச் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். அக்கா தபால்தலையைக் கிழித்தாள். கூட்டத்தில் என்னைத் தேடிக் கண்டுபிடித்து, நாக்கை நீட்டிக் காட்டினாள், சின்னப் பிள்ளை போல. பிறகு நனைத்து ஒட்டினாள். பேசத் தொடங்கினாள். "இந்தப் படத்துக்குப் பின்னாடி ஒருத்தங்க இருக்காங்க" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே இருமினாள்.

அதன்பிறகு எல்லாரும் சத்தம் போட்டார்கள். "தண்ணி குடுங்க", "காத்து விடுங்க", "வண்டியை எடுங்கப்பா". அக்கா யாரையும் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள். என் பக்கம் கையை நீட்டினாள். மேடைக்கு ஓடினேன். பக்கத்தில் முழங்காலிட்டு உட்கார்ந்து பையைத் திறந்தேன். தேடினேன். பெரிய அறையில் இருந்த எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் வைத்தேன். சீப்பு, சாவி, தண்ணீர்ப் பாட்டில், குடை. பதற்றத்தில் பெண் தடுமாறுகிறாள் என்று மேலாளர் நினைத்தார். அவரே என் தோளைத் தட்டி, "நிதானமாத் தேடும்மா" என்றார்.

நிதானமாகத்தான் தேடினேன். ஊசி வெளி அறையில் இருந்தது. அதை மட்டும் திறக்கவில்லை.

அவளுக்கும் அது தெரியும். அவள் விரல் கடைசியில் அந்த அறையைத்தான் காட்டிக்கொண்டிருந்தது.

நேற்று நீங்கள் ஒரு பூதக்கண்ணாடியையும் அந்த உறையையும் கொண்டுவந்து என் முன்னால் வைத்தீர்கள். உறையின் மேல் அக்காவின் கையெழுத்தில் என் விலாசம். மூலையில் தபால்தலை. ஏரி, மலை, பாதை. பாதையில் அம்மா.

பை இடது தோளில். உடம்பு வலப்பக்கம் சாய்ந்து. குடையில் ஒடிந்த கம்பி வரைக்கும் இருந்தது. அச்சுப் பிரிவு அண்ணன் உங்களிடம் சொன்னதை எனக்கும் படித்துக் காட்டினீர்கள். செவ்வாய்க்கிழமை நான் பார்த்தது ஐந்து வண்ணம் மட்டும் ஏறிய தாளாம். ஆறாவது பழுப்பு. அது புதன்கிழமைதான் ஏறியதாம், தனி அச்சுத் தகட்டில். அந்தத் தகட்டில் என் அம்மாவைத் தவிர வேறொன்றும் இல்லையாம். இயந்திரத்தில் கொடுத்தால் முகம் கலங்கிவிடும் என்று அக்கா தன் கையாலேயே ஆறு வாரம் செதுக்கினாளாம். விழாவில் கொடுக்க வைத்திருந்த மடிப்புத் தாளில் என் பெயர் முதலிலும் அவள் பெயர் இரண்டாவதாகவும் இருந்ததாம். எனக்குச் சொல்லக் கூடாது என்று அண்ணனிடம் சத்தியம் வாங்கியிருந்தாளாம்.

எனக்கு முன்பக்கத்து வேலை தெரியாது. எத்தனை வண்ணம், எது கடைசியில் ஏறும் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. இதை எழுதிக்கொள்ளுங்கள்.

அது சரி, இரண்டு நாள் உன் மேசையில் இருந்த தாள்தானே, ஒரு தடவை திருப்பிப் பார்த்திருக்கலாமே என்று கேட்கிறீர்கள்.

பசை ஈரமாக இருக்கும்போது தாளைத் திருப்பக் கூடாது. முன்பக்கம் கெட்டுவிடும்.