பூமக்கே நடந்த வழி

சேசி: வேற பேரே கிடைக்கலையாடீ உனக்கு?

வாரிஜா: நம்ம துளுப் பேருதானே அக்கா... பூமக்கே. சொல்லிப் பாரேன், வாய் நிறையுது.

சேசி: நிறையும் நிறையும். பள்ளிக்கூடத்துல போய்ச் சொன்னா பிள்ளைங்க சிரிக்கும். தீக்ஷா, திரிஷான்னு ஏதாவது ஒரு ஷா போட்டு வை.

வாரிஜா: ஊர்ல பொறந்தது எல்லாமே ஷாதான். ஒண்ணக் கூப்பிட்டா எல்லாம் திரும்புது.

சேசி: உன் மாமியார் என்ன சொன்னா?

வாரிஜா: 'சேசியக் கேளு, அவ சரின்னா எனக்கும் சரி'ன்னுட்டாங்க. நாளைக்குத் தொட்டில்ல போடறப்ப நீதான் பிள்ளை காதுல பேர் சொல்லணும். அதுக்குத்தான் ஆள் விட்டேன். முதல்ல வெல்லத்தக் கடிச்சுத் தண்ணியக் குடி, வெயில்ல வந்திருக்க.

சேசி: நானா? என்னால ஆகாது.

வாரிஜா: ஏனாம்?

சேசி: தொண்டை கட்டியிருக்கு.

வாரிஜா: காதுல சொல்றதுக்குத் தொண்டை எதுக்கு? ஆட்டி மாச மழைல வயலோட அந்தக் கரைவரைக்கும் கேக்கப் பாடினவ...

சேசி: அது நாத்து நடறப்ப. பாட்தனக் கதைப்பாட்டு பாடினாத்தான் குனிஞ்ச முதுகு வலிக்காது.

வாரிஜா: எனக்கு முதுகா வலிச்சுது? ரெண்டு தடவை கலைஞ்ச வயிறு. ஏழாம் மாசம் வந்ததும் கண்ண மூடினாலே பயம். அம்மா இருந்தாலாவது போய் மடில படுத்திருப்பேன்...

சேசி: அதான் வரப்புல உக்காந்து நாத்துக்கட்டு எடுத்துக் குடுன்னு கூட்டிட்டுப் போனோம்.

வாரிஜா: உக்காந்து கேட்டேன். உன் பாட்டுல வயித்துப் பிள்ளையோட பூமக்கே நடக்கறா. தாய்வீட்டுக்கு. நீ ஒரு அடி பாட, வரிசை மொத்தமும் வாங்கிப் பாட... போற வாசல்ல எல்லாம் அவளுக்கு வெல்லமும் தண்ணியும். எத்தனை வீடு அக்கா! நம்ம தபால்காரர் வீட்டுலகூட நிறுத்திட்ட.

சேசி: சிரிக்காதடீ. அந்த நேரத்துக்கு வேற வீடு ஞாபகம் வரல.

வாரிஜா: பஸ் போற ரோட்டுல நடக்க விட்டியே!

சேசி: வரப்புல நடந்தா வழுக்கும்ல... வயித்துப்பிள்ளைக்காரி.

வாரிஜா: கடைசி வயல் முடிஞ்ச அன்னிக்கு அவளுக்குப் பொண்ணு பொறந்துச்சு. தூக்கிக்கிட்டுத் தாய்வீட்டுப் படி ஏறினா. அன்னிக்குத்தான் நான் நல்லாத் தூங்கினேன். மங்களூர் வரைக்கும் போய் வாங்கின மாத்திரை எல்லாம் செய்யாதத உன் பாட்டு செஞ்சுது. அதான் இந்தப் பேரு. உனக்கு வேற என்னத்தக் குடுப்பேன், சொல்லு?

சேசி: எனக்கு ஒண்ணும் வேண்டாம். பிள்ளை நல்லா இருந்தா போதும். பேர மட்டும் மாத்து.

வாரிஜா: காரணம் சொல்லு, மாத்தறேன்.

சேசி: அவ படி ஏறலடீ.

வாரிஜா: யாரு?

சேசி: பூமக்கே. பாட்டுல அவ வீடு போய்ச் சேரவே மாட்டா. ஆத்தங்கரைல வலி வந்து... பிள்ளையும் போயி, அவளும் செத்து மாயமாயிடுவா. அப்புறம்தான் தெய்வமாகிக் கல்லுல உக்காருவா. எனக்கு வந்து சேர்ந்த பாட்டு அதுதான். ஆத்தங்கரைக்கு முந்தின அடி வரைக்கும் பாடிட்டேன். நிமிந்து பாத்தா, நீ வயித்தப் பிடிச்சுக்கிட்டு வரப்புல உக்காந்திருக்க. எப்படிடீ பாடுவேன்? திருப்பி விட்டுட்டேன். இன்னொரு வீடு, இன்னொரு வீடுன்னு...

வாரிஜா: வரிசைல நின்னவங்க ஒண்ணும் சொல்லலையா?

சேசி: எல்லாருக்கும் தெரிஞ்ச கதை. ஆனா ஒருத்திக்கும் நாக்குத் தடுக்கலயே! நான் விட்டத அப்படியே வாங்கிப் பாடினாளுங்க. உன் மாமியாரும்தான்.

வாரிஜா: அவங்களுமா...

சேசி: ஏய், கண்ணத் துடை. பால் குடிக்கற பிள்ளைய மடில வச்சுக்கிட்டு. இப்பப் புரியுதா? வருசா வருசம் நேமத் திருவிழாவுல ஊரே கும்பிடற தெய்வம் அவ. அவ கதைய மாத்தின வாயால, அவ பேரையே உன் பிள்ளை காதுல சொல்றதா? கோபம் வந்தா என்மேல வரட்டும். பிள்ளைமேல வரக்கூடாது.

வாரிஜா: எதுக்குக் கோபம்? வழில செத்துப்போனவள ஒருத்தி பிள்ளையோட வீட்டுல கொண்டுபோய்ச் சேத்திருக்கா. எந்தப் பொம்பளைக்கு அக்கா அதுல கோபம் வரும்?

சேசி: வாய் மட்டும் நல்லாப் பேசற... இருடீ. அவ செத்துப்போவான்னு சொல்றேன், நீ திடுக்கிடவே இல்லையே.

வாரிஜா: எங்கம்மா இருந்தவரைக்கும் எங்க ஊர் வயல்ல இந்தப் பாட்டுக்கு அவதான் முதல் குரல்.

சேசி: என்னது? நடவு தொடங்கின அன்னிக்கே கேட்டேனே, இந்தப் பாட்டு கேட்டிருக்கியான்னு! தலைய ஆட்டி இல்லேன்னியே!

வாரிஜா: தெரிஞ்சவ முன்னாடி எப்படி மாத்துவ? தெரியாதவன்னு நெனச்சா இரங்குவியோன்னு ஒரு ஆசை... ஆத்தங்கரை வர்ற அடிய நெனச்சுப் பல்லக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன் அக்கா. நீ அவளத் திருப்பின பாரு, அந்த அடிய எல்லாரையும்விடச் சத்தமா வாங்கிப் பாடினது நான்தான்.