ஆறுக்குப் பக்கத்து வீடு

நாலு இருபது, பதினெட்டு அடுக்கு அட்டை, பெரியப்பா... எழுதிக்கிட்டேன். நாலு நாப்பது வரைக்கும் எழுந்திருக்காதீங்கண்ணா. பக்கத்து வீட்லேருந்து பார்சல் குடுக்க வந்த மனுஷனை இப்படி உக்கார வெச்சுட்டாளேன்னு நினைக்காதீங்க. அட்டையில செஞ்ச நாற்காலி, ஆள் உக்காந்தாத்தானே தெரியும்? நான் நாப்பத்தாறு கிலோ, பூனை உக்காந்த மாதிரி. நீங்க? எழுபதா... நல்லது. நாளைக்குப் பத்து மணிக்கு எங்க டிசைன் காலேஜ் மேடம் இதுல இருபது நிமிஷம் உக்காந்துதான் மார்க் போடுவாங்க. அவங்க எழுபதுக்கு... சரி வேணாம், எனக்கு மார்க் வேணும்.

பெரியப்பாவா? நாற்காலிக்கு வெச்ச பேருண்ணா. கையை அகல விரிச்சுக்கிட்டு, பின்னால சாஞ்சுக்கிட்டு, பக்கத்துல யாருக்கும் இடம் விடாம... அச்சு அசல் எங்க பெரியப்பாதான். அவர்கிட்ட இன்னும் சொல்லலை.

சத்தம் வருதுல்ல? முதுகுப் பக்கம்தான். அசையாதீங்க. இப்போதைக்கு வெறும் டேப்பு. எங்க வளையுதுன்னு பாத்துட்டு, நீங்க கொண்டாந்த பசையை அங்க போடணும். காயறதுக்குப் பன்னெண்டு மணி நேரம். திங்கட்கிழமையே வந்திருந்தா இந்தக் கூத்தே இல்லை. நாலு நாளாவா உங்க வீட்ல இருந்துச்சு? நமக்கு நடுவுல ஒரே ஒரு சுவர்தாண்ணா. இன்னிக்கு நான் அம்மாகிட்ட போன்ல பசை பசைன்னு கத்தினதைக் கேட்டுத்தான் வந்தீங்களா... அப்ப எல்லாமே கேக்குதா உங்களுக்கு? போகட்டும்.

எல்லாம் அந்த டெலிவரிக்காரரால. திங்கட்கிழமை போன் பண்ணி, "இந்த மாடியில ஏழாம் நம்பரே இல்லைம்மா"ங்கறார். ஆறு இருக்குதாம், ஏழு இல்லையாம். ஏழு என்ன, கோவிச்சுக்கிட்டு ஊருக்கா போயிடுச்சு? முதல்ல கண்ணாடியை மாத்துங்க சார்னு சொல்லிட்டேன். அந்தக் கோவத்துலதான் உங்க வீட்ல போட்டுட்டுப் போயிருக்கார்.

எனக்கு இந்த ஒரு வேலை மட்டும்னா பரவாயில்லை. நாற்காலி மேடம், புத்தகம் மேடம், எழுத்து சார். ஒரே வீட்ல மூணு மாமியார் மாதிரி. ஒவ்வொருத்தரும் தன் பாடத்தைத் தவிர இந்தப் பொண்ணுக்கு வேற வேலையே கிடையாதுன்னு நினைக்கிறாங்க. புத்தகத்துக்கு முப்பத்திரண்டு பக்கம் படம் வரையணும், நாலு முடிஞ்சிருக்கு. அதுல ஒண்ணு அட்டைப் படம். சிரிக்காதீங்க, நாற்காலி ஆடுது.

எழுத்து சார்தான் கொஞ்சம் நல்லவர். பூஜ்யத்துலேருந்து ஒன்பது வரைக்கும் நம்ம சொந்த வடிவத்துல வரையணும், அதுல ஒண்ணையாவது நிஜமான இடத்துல மாட்டணும். நான் போன ஞாயித்துக்கிழமை ஏழாம் நம்பரைப் பலகையில வரைஞ்சு எங்க கதவுலயே மாட்டிட்டேன். போட்டோ பாத்துட்டு, "மேல் கோட்டைக் கொஞ்சம் நீட்டும்மா"ன்னார். நீட்டினா அழகு போயிடும் சார்னேன். சரின்னு அடுத்த பொண்ணு வேலையைப் பாக்கப் போயிட்டார். நான் சொன்னதுல நியாயம் இருக்குல்ல?

என்னண்ணா, மறுபடி சிரிக்கிறீங்க? எங்க... திறந்திருக்கற கதவுலயா? ஆமா, அந்தப் பலகைதான். அங்கேருந்து பாத்தா எப்படித் தெரியுதுன்னா... சரி, நகருங்க. ஐயோ நகராதீங்க, நானே பக்கத்துல உக்காந்து பாக்கறேன்.

...ஒண்ணு.

அதான் உள்ள வரும்போது, "ஆறுக்குப் பக்கத்துல ஒண்ணு எப்படிம்மா வரும்"னு கேட்டீங்களா? நான் வேற ஏதோ கணக்கு கேக்கறீங்கன்னு நினைச்சுத் தலையாட்டினேன். நாலு நாளும் நீங்க ஏழாம் நம்பரைத் தேடினீங்களா? கீழ்மாடி வரைக்குமா... புதுசா குடி வந்தவர், பாவம்ணா நீங்க. பாவம் அந்த டெலிவரிக்காரர். கண்ணாடியை மாத்தச் சொன்னேனே.

பிச்சு எடுத்துடலாம்தான். வராது. வீட்ல இருந்த கடைசி பாட்டில் பசையை முழுசா அதுக்குத்தான் போட்டேன். நல்ல பசை.

மணி என்ன? நாலு முப்பத்தஞ்சா? இன்னும் அஞ்சே நிமிஷம், உக்காருங்க. இந்த விஷயம் நம்ம ரெண்டு பேருக்குள்ள இருக்கட்டும். எழுத்து சாருக்கு நானே சொல்லிக்கறேன். சொல்லுவேன்ணா. நாற்காலி முடியட்டும்.

மார்ச் 13, வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு, நாற்காலி ஆசிரியையை இருபது நிமிடம் தாங்கியது. மார்ச் 17, செவ்வாய்க்கிழமை, ஏழாம் நம்பர் வீட்டுக்கு வந்த காகிதக் கட்டு ஆறாம் நம்பர் வீட்டில் கொடுக்கப்பட்டது.