அடுப்படியில் இருக்கும் மோட்டார் சுவிட்ச்

"…என்ன வேணாலும் செஞ்சு தாரேன் மதினி, மோட்டார் சுவிச்ச மட்டும் வெளிய மாத்த விடமாட்டேன்," என்றார், கம்பம் டவுன் பஸ்ஸில் என் முன்சீட்டு அம்மா.

"கொல்லையில வீடு கட்டி வாடகைக்கு விட்டுட்டு, தண்ணிக்கு அந்தக் குடியிருக்க புள்ளைய ஒன் வாசல்ல நிக்க வைக்கிற. ஒன் மகனே சுவிச்ச மாத்த ஆள் அனுப்புறேங்கான், ஒனக்கென்ன வீம்பு?" என்று பக்கத்தில் இருந்தவர் சிரித்தார்.

"சுவிச்சு என் அடுப்படியில இருக்கப்போயிதான தெனம் காலையில 'அத்தே, மோட்டாரு போடுங்க'ன்னு உள்ள வருது. வேற யாரு மதினி என் வீட்டுக்குள்ள வாராக?"



அந்த அம்மாவின் போன் அடித்தது. "எலக்ட்ரீசியனா? வீட்டு முன்னாலயா நிக்கிறீக? நான் இப்ப மதுரையில இருக்கேனே!"

காமயகவுண்டன்பட்டி வந்தது. "நம்ம ஊரு, எறங்கு," என்று மதினி எழுந்தார். அந்த அம்மா எழாமல், கண்டக்டரிடம் அடுத்த ஊருக்கு டிக்கெட் கேட்டார்.