கட் சொல்லாத ஷாட்

எனக்குக் குதிரை என்றால் பயம். வாழ்நாள் முழுக்கக் கௌபாய் படங்களாக எடுத்துத் தள்ளியவன் இப்படிச் சொன்னதை வெளியே சொல்லிவிடாதீர்கள், ஷெரீஃப். படப்பிடிப்புக்கு நான் ஜீப்பில்தான் போவேன். தொப்பி மட்டும் பெரியது.

லெம் டாக்கெட்டை ஒரு மாட்டுச் சந்தையில் கண்டுபிடித்தேன். மாடு மாதிரிதான் நின்றுகொண்டிருந்தான். திரையில் அது கம்பீரமாக இருந்தது. வசனம்தான் சுத்தமாக வரவில்லை. எல்லா வசனத்தையும் வெட்டிவிட்டு, "பேசாம தூரத்துல பாருடா" என்றேன். பார்த்தான். மௌனத்தின் மேதை என்று பத்திரிகைகள் என்னைத் தூக்கிவைத்துக் கொண்டாடின. அவன் பார்த்தது பெரும்பாலும் சாப்பாட்டு வண்டியை. இது எங்கள் இருவருக்கு மட்டுமே தெரியும். இருபது வருடம் அதை வைத்தே பிழைத்தோம்.

எங்கள் படப்பிடிப்பில் ஒரு சட்டம் உண்டு. நான் கட் சொல்லும்வரை யாரும் அசையக் கூடாது. சட்டம் போட்டவன் நான் இல்லை, லெம். ஒருமுறை அவன் குதிரையிலிருந்து விழுந்தபோது ஸ்டன்ட் ஆள் ஒருவன் தூக்கிவிட ஓடினான், ஷாட் பாழாய்ப் போனது. விலா எலும்பு உடைந்து கிடந்த லெம், உதவிக்கு வந்தவனைத்தான் பிடித்துத் திட்டினான். "ஹாலிஸ் கட் சொன்னானா? அவன் சொல்ற வரைக்கும் நான் செத்தாலும் எவனும் கிட்ட வராதீங்கடா." எல்லோரும் சிரித்தார்கள். அதன்பிறகு யாரும் கிட்டே போனதில்லை.

போன வாரம் காலையில், தட்டில் பீன்ஸைக் கிளறிக்கொண்டே சொன்னான்.

"அடுத்த படத்த நானே டைரக்ட் பண்ணப்போறேன், ஹாலிஸ்."

"உனக்கு என்னடா தெரியும்?"

"தூரத்துல பாருன்னு சொல்லத் தெரியும்யா. நீ வேற என்னத்த சொன்ன?"

பக்கத்தில் இருந்தவர்கள் காப்பியைத் துப்பிவிட்டுச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நான் அவனுக்கு எழுதிய வசனம் ஒன்றுகூட அவ்வளவு நன்றாக இருந்ததில்லை. ஆனால் அவன் போய்விட்டால் நான் யார்? பெரிய தொப்பி போட்ட கிழவன். அந்த நினைப்பு என்னை அரித்தது. அவன் சொன்னது உண்மை என்பது இன்னும் அதிகமாக அரித்தது.

நேற்று மதியம் ஆற்றைக் கடக்கும் காட்சி. ஆட்கள் எல்லோரும் மேட்டில் நின்றார்கள். தண்ணீரை ஒட்டிய பாறையில் கேமராவுடன் நானும் கேமராமேன் ஓட்டோவும் மட்டும். நடு ஆற்றில் குதிரை இடறிச் சாய்ந்தது. லெம்மின் கால் சேணத்து வளையத்தில் மாட்டிக்கொண்டது. ஒரு கையை மேலே தூக்கினான். மேட்டில் எல்லோரும் சிலையாகிப் போனார்கள். நன்றாகப் பழக்கி வைத்திருந்தோம்.

அவன் "ஹாலிஸ்" என்று கூப்பிட்டான். கதையில் அந்தப் பெயரில் ஆள் கிடையாது. ஆற்று இரைச்சலில் மேட்டில் இருந்தவர்களுக்குக் கேட்டிருக்காது. எனக்குக் கேட்டது. இரண்டாவது முறையும் கேட்டது. மூன்றாவது முறை தண்ணீர்ச் சத்தம் மட்டும்தான் கேட்டது.

நான் கட் சொல்லவில்லை.

ஏன் என்று கேட்கிறீர்கள். அப்படி ஒரு ஷாட் வாழ்க்கையில் ஒருமுறைதான் கிடைக்கும், ஷெரீஃப். அவன் முகத்தில் நேற்றுதான் முதல் முறையாக ஏதோ தெரிந்தது. அதைப் பாதியில் நிறுத்தினால் லெம்மே என்னை மன்னித்திருக்க மாட்டான். கலைக்காகச் செய்தேன் என்றுதான் காலையில் உங்கள் உதவியாளரிடமும் எழுதிக் கொடுத்தேன். எழுதும்போது எனக்கே கொஞ்சம் கண் கலங்கியது.

"சரி, அந்த ஷாட்ட நாங்க பாக்கணுமே" என்கிறீர்கள்.

அதில்தான் சின்னச் சிக்கல். லெம் ஆற்றின் பாதிக்கு வந்தபோதே ஓட்டோ என் தோளைத் தட்டினான். "ஃபிலிம் ரோல் தீந்துடுச்சு சார், கட் சொல்லிடுங்க" என்று சொல்லிவிட்டு, புது ரோல் எடுக்க வண்டிக்கு ஓடினான். சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அப்போதுதான் குதிரை இடறியது.