மூச்சு விடச் சொன்ன சீனித்தாய்

முன்ன ஒரு காலத்துல, நம்ம பக்கம் ரயில் வர்றதுக்கு ரொம்ப முந்தி, ஓடைக்குறிச்சின்னு ஒரு கரிசக்காட்டு ஊர்ல சீனித்தாய்னு ஒருத்தி இருந்தாளாம். எங்க வம்சத்துல ஏழு தலைமுறைக்கு முந்தினவன்னு சொல்லுவாங்க. ஆறா ஏழான்னு எங்கிட்ட வழக்குக்கு வராதீங்க. கதையைக் கேளுங்க.

ஓடைக்குறிச்சின்னா வத்தல் சந்தை. சுத்துப்பட்டு மிளகா வத்தல் அத்தனையும் அங்கதான் வந்து குவியும். கொட்டகையில நாப்பது பொம்பளைங்க உக்காந்து காம்பு கிள்ளுவாங்க, சொத்தை பொறுக்குவாங்க. உள்ள நுழைஞ்சா நெடி மண்டையில அடிக்கும். அங்க வேலை பாக்குறவங்களுக்கு இருமல்னா காலைக் கஞ்சி மாதிரி, தினமும் உண்டு. சீனித்தாய்க்கு அதுக்கும் மேல. நாலு எட்டு நடந்தா நெஞ்சுக்குள்ள பூனை கத்துமாம்.

ஒரு வருஷம் ராமேஸ்வரம் போற பண்டாரம் ஒருத்தர் கம்மாக்கரை மண்டபத்துல காய்ச்சல்ல விழுந்தாராம். சீனித்தாய் ஒரு மண்டலம் கஞ்சி ஊத்தினா. எழுந்து உக்காந்தவர் அவளுக்கு ஒன்பது ஆசனமும் மூணு விதமான மூச்சும் சொல்லிக் குடுத்துட்டு நடையைக் கட்டிட்டாரு. அவ்வளவுதான், அப்புறம் அவரை யாரும் பாத்ததில்லை. இவ விடாம பண்ணினா. வருஷம் திரும்புறதுக்குள்ள பூனை போயிருச்சு.

கொட்டகைப் பொம்பளைங்க விடுவாங்களா? அதுலயும் இருளாயின்னு ஒருத்தி, வாய் கொஞ்சம் நீளம். "ஏ சீனி, நீ மட்டும் நல்லாயிட்டா எப்படி? எங்களுக்கும் சொல்லிக் குடுடி"ன்னா. சரின்னு சீனித்தாய் மத்தியானக் கஞ்சிக்கு அப்புறம் கொட்டகையிலயே பதினோரு பேரை உக்கார வச்சா. பண்டாரம் எப்படிச் சொன்னாரோ அப்படியே, சொல்லு மாறாம சொன்னா.

"முதுகை நிமித்துங்க. மூச்சை நல்லா ஆழமா உள்ள இழுங்க."

இழுத்தாங்க. வத்தல் கொட்டகையில உக்காந்து ஆழமா இழுத்தாங்க. அவ்வளவுதான். பதினோரு பேரும் தும்மல். தும்மல்னா அரை நாழிகைத் தும்மல். ஒருத்திக்கு மூக்குத்தித் திருகே கழண்டு விழுந்துருச்சாம். வத்தல் வாங்க வந்தவங்க எல்லாம் வாசல்ல நின்னு வேடிக்கை பாத்தாங்க.

மறுநாள் வெளியில வேப்ப மரத்தடிக்குக் கூட்டிட்டுப் போனா. "இன்னைக்கு இழுக்க வேண்டாம். மல்லாந்து படுங்க, கை காலை அசைக்காதீங்க, இதுக்குப் பேரு சவாசனம்"னா. படுத்தாங்க. இருளாயி ஒத்தைக் கண்ணைத் தொறந்து பாத்தா. வரிசையா படுத்திருக்கு, தலை தெக்க பாத்து இருக்கு. பட்டுன்னு எந்திரிச்சுட்டா.

"ஏண்டி, உசுரோட இருக்கறவளுகளைத் தெக்க தலை வச்சுப் பொணமா கெடக்கச் சொல்றியா? வாய்க்கரிசியும் முந்தியில முடிஞ்சு கொண்டாந்திருக்கியா?"

பதினோரு பேரும் புடவையை உதறிட்டுப் போயிட்டாங்க. அன்னையில இருந்து அவளுக்குத் தும்மல் வாத்திச்சின்னு பேரு. தண்ணி எடுக்கப் போனா தும்முவாங்க. கடைக்குப் போனா தும்முவாங்க. சீனித்தாய்க்கு ஆத்திரம் ஆத்திரமா வந்துச்சு. எனக்கு வந்துச்சே, இவளுகளுக்கு ஏன் வரலை? இவளுக மண்டுகளான்னு நெனைச்சா. மூணு மாசம் யாரோடயும் பேசாம காம்பு கிள்ளினா.

பேசாம இருந்தவ பாத்தாளாம். அதுதான் சங்கதி. பக்கத்துல உக்காந்திருக்கிறவ எப்படி மூச்சு விடுறான்னு பாத்தா. எல்லாரும் கழுத்தெலும்புக்கு மேலயே மூச்சு வாங்குறாங்க. கோழி தண்ணி குடிக்கிற மாதிரி, தொட்டும் தொடாம. ஏன்? சின்னதுல இருந்து நெடியில வளந்த ஒடம்பு. ஆழமா இழுத்தா தும்மல் வரும்னு அதுக்குத் தெரியும், அதனால இழுக்காது. சரி. ஆனா விடுறாங்களான்னு பாத்தா, விடவும் இல்லை. இழுத்த கொஞ்சத்தையும் உள்ளயே இறுக்கிப் பிடிச்சுட்டு இருக்காங்க. அப்பத்தான் அவளுக்கு ஒறைச்சுச்சு. பண்டாரம் சொன்னது பண்டாரம் ஒடம்புக்குச் சரி. அவரு வத்தல் கொட்டகையில பொறந்தவரில்லையே. இங்க முதல்ல இழுக்கச் சொல்லக் கூடாது. விடச் சொல்லணும்.

மறுபடி இருளாயிகிட்டயே போனா.

"மதினி, நீ இழுக்கவே வேணாம். காரத்தைக் கடிச்சா வாயை எப்படி வச்சு ஊதுவ? ஸ்ஸ்ஸுன்னு. அப்படி ஊதிக்கிட்டே இரு. வயிறு ஒட்டுற வரைக்கும் ஊது."

"அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணும் பண்ணாத. அதுவா உள்ள வரும்."

வந்துச்சு. தும்மலும் இல்லை, கமறலும் இல்லை. வயித்தடி வரைக்கும் போச்சு. இருளாயி மறுபடியும் ஒரு தரம் ஊதிப் பாத்தாளாம். அவ வாயாடாம ஒருத்தி சொன்னதைச் செஞ்சதை ஊர் அன்னைக்குத்தான் பாத்துச்சு.

அதுக்கப்புறம் சவாசனம்னு சொல்றதை விட்டா. "களத்துல வத்தல் காயப் போட்ட மாதிரி கெட, தலை கிழக்கே இருக்கட்டும்"னா. கெடந்தாங்க. குனியற ஆசனத்துக்குச் சாக்கு மடிக்கிறதுன்னு பேரு வச்சா. முறுக்குற ஆசனத்துக்குத் துணி பிழியறதுன்னு வச்சா. யாருக்கு முழங்கால் மடங்காதோ அவளுக்குக் கீழ ரெண்டு சாக்கு மடிச்சுப் போட்டா. முன்னயெல்லாம் கண்ணை மூடிக்கிட்டு மனப்பாடமா ஒப்பிச்சவ, இப்பக் கண்ணைத் தொறந்து ஒவ்வொருத்தியா பாத்துச் சொன்னா. ரெண்டு வருஷத்துல நாப்பது பேரும் வந்துட்டாங்க. ஆனாலும் அவ மனசுல ஒரு பயம் உண்டாம். இது நெசமா எனக்குத் தெரியுமா, இல்ல ஏதோ அமைஞ்சு போச்சான்னு.

இப்ப சங்கிலி வர்றாரு. சங்கிலி யாரு? சந்தையில ஏலம் கூறுறவரு. தை மாசம் முதல் ஏலத்தை ஒரே மூச்சுல கூறணும், அது அந்தச் சந்தை வழக்கம். நடுவுல மூச்சு அறுந்தா சந்தையே அறுந்த மாதிரி, வருஷம் முழுக்க யாவாரம் ஆகாதுன்னு நம்பிக்கை. இருவது வருஷமா அறுக்காம கூறினவருக்கு அந்த வருஷம் மூச்சு வாங்க ஆரம்பிச்சிருச்சு. பாதியிலயே நிக்குது. சந்தைக் குத்தகைக்காரர் சொல்லிட்டாரு: "இந்தத் தைக்கு அறுந்துச்சுன்னா உன் எடத்துல என் மச்சினன் நிப்பான்." சங்கிலிக்கு வேற தொழில் தெரியாது. வாய்தான் அவருக்கு ஏரு, வாய்தான் மாடு.

பொண்டாட்டி அடிச்சு வெரட்டாத குறையா சீனித்தாய்கிட்ட அனுப்பி வச்சா. வந்து நின்னவரு வாசல்லயே முறைச்சாரு. "நான் வாயால பொழைக்கிறவன் தாயி. மூக்கைப் பிடிச்சுக்கிட்டு உக்கார வரலை."

"கூறிக் காட்டுங்கண்ணே"ன்னா சீனித்தாய்.

கூறறதுக்கு முன்னாடி அவரு ஒரு மூச்சு இழுத்தாரு பாருங்க. தோள் ரெண்டும் காதைத் தொட்டுச்சு. பாதிக் கூறுல மூஞ்சி செவந்து நின்னுட்டாரு.

"நெறஞ்ச சாக்குல மேற்கொண்டு எப்படிண்ணே அள்ளிப் போடுவீங்க? பழசைக் கொட்டிட்டுல்ல போடணும். முதல்ல விடுங்க. இருவது எண்ணுற வரைக்கும் விடுங்க."

"இருவதா? ஆள விடு. அஞ்சு."

"பதினெட்டு."

"ஏழு. அதுக்கு மேல ஒண்ணு குடுக்க மாட்டேன்."

பேரம் பேசாம அந்த மனுசனுக்குப் பச்சைத் தண்ணி எறங்காது. சீனித்தாய் அவரை விட எமகாதகி. அவளுக்கு வேண்டியது பன்னண்டு. அதனாலதான் இருவதுல ஆரம்பிச்சா. பன்னண்டுல முடிச்சாங்க. தான் ஜெயிச்சுட்டதா நெனைச்சுக்கிட்டே சங்கிலி உக்காந்தாராம். எண்ணும்போது அவ "ஒண்ணு"ன்னு தொடங்கினா. அவருக்குக் கோவம் வந்துருச்சு. "எந்த யாவாரியாவது ஒண்ணுன்னு அளப்பானா? லாபம்னு தொடங்கு." சரின்னா. "லாபம், ரெண்டு, மூணு, நாலு..." இருக்கிறதை வெளிய விடுறதுக்கு லாபம்னு பேரு வச்சதும் அந்த மனுசன் சிரிச்சுட்டாராம். சிரிச்சதுல தோள் எறங்கிச்சு. தோள் எறங்கினதை அவ பாத்துக்கிட்டா.

நாப்பது நாள். களத்துல வத்தல் மாதிரி கெடந்தாரு, சாக்கு மாதிரி மடிஞ்சாரு, துணி மாதிரி முறுக்கிக்கிட்டாரு, தினமும் வைதாரு. முப்பத்தெட்டாவது நாள் முழுக் கூறும் ஒரே மூச்சுல வந்துச்சு.

தை மாசம் பொறந்துச்சு. முதல் சந்தை. மேடையில சங்கிலி. கீழ எள்ளு போட எடமில்லாத கூட்டம். மச்சினன் புதுத் துண்டு போட்டுக்கிட்டுத் தயாரா நிக்கான். பொம்பளைங்க எல்லாம் கடைசியில, அவங்களோட சீனித்தாய். குத்தகைக்காரர் கையைத் தூக்கினாரு. "கூறு முடியற வரைக்கும் எவனும் எவளும் மூச்சு விடக் கூடாது. சத்தம் வந்துச்சு, கொட்டகைக்கே பூட்டுப் போட்டுருவேன்."

சங்கிலி கூட்டத்தைப் பாத்தாரு. மச்சினனைப் பாத்தாரு. பயம் வந்துச்சு. பயத்துல பழைய ஒடம்பு திரும்பி வந்துருச்சு. இழுக்க ஆரம்பிச்சாரு. தோள் காதுக்குப் போகுது. சீனித்தாய் பாத்துட்டா. கத்திச் சொல்லலாமா? கத்துனா கொட்டகைக்குப் பூட்டு. கத்தாட்டி மனுசன் பொழப்பு போச்சு. பழைய சீனித்தாயா இருந்தா கத்தியிருப்பா. இவ கத்தலை. அவருக்குச் சொல்ல வேண்டியதெல்லாம் நாப்பது நாள்ல சொல்லியாச்சு, இப்ப ஞாபகம் மட்டும் வந்தா போதும்னு அவளுக்குத் தெரிஞ்சிருக்கு. மெதுவா ஊதினா.

ஸ்ஸ்ஸ்.

இருளாயி திரும்பிப் பாத்தா, புரிஞ்சுக்கிட்டா, அவளும் ஊதினா. அடுத்தவ ஊதினா. நாப்பது பொம்பளைங்களும் ஊதினாங்க. புளியந்தோப்புல காத்து வந்த மாதிரி கேட்டுச்சாம். மேடையில சங்கிலி காதுல விழுந்துச்சு. இழுத்துக்கிட்டிருந்த மனுசன் நிறுத்தினாரு. தோள் எறங்குச்சு. விட ஆரம்பிச்சாரு. லாபம், ரெண்டு, மூணு. கூட்டம் முணுமுணுக்குது, தொண்டை போச்சுடான்னு. மச்சினன் மேடைப் படியில ஒரு கால் வச்சுட்டான். பத்து, பதினொண்ணு, பன்னண்டு. வயிறு ஒட்டுச்சு. காத்து அதுவா உள்ள வந்துச்சு.

"ஓடைக்குறிச்சி அய்யனார் சாட்சி, மேக்கே மலை சாட்சி, கிழக்கே கடல் சாட்சி, தை மாசம் முதல் சரக்கு, சம்பா வத்தல், நயம் வத்தல், நூத்தியோரு மூட்டை, காம்பு கிள்ளினது, கல்லு மண்ணு இல்லாதது, கேக்குற மகராசன் கேளு, கேட்டவன் வீட்டுலயும் பானை பொங்க, கேக்காதவன் வீட்டுலயும் பானை பொங்க, கேளு கேளு கேளு கேளு."

நாலாவது கேளு வழக்கத்துல கிடையாது. மூச்சு மிச்சம் இருந்துச்சு, போட்டுட்டாரு.

மச்சினன் காலைக் கீழ எடுத்துட்டான். குத்தகைக்காரர் நேரா பொம்பளைங்க பக்கம் வந்தாரு. "மூச்சு விடக் கூடாதுன்னு சொன்னேனா இல்லையா? யாரு முதல்ல விட்டது?"

சீனித்தாய்தான் முன்னுக்கு வந்தா. ரெண்டு மூணு வருஷத்துக்கு முன்னாடி தும்மலுக்குப் பயந்து மூஞ்சியை மறைச்சுக்கிட்டுத் தண்ணி எடுத்தவ, சந்தை நடுவுல நின்னு சொன்னாளாம்: "நான்தான் சாமி. விடச் சொல்லிக் குடுக்கறதுதான் என் தொழிலு."

தொழிலுன்னு அவ சொன்னது அன்னைக்குத்தான் முதல் தடவை. குத்தகைக்காரர் அவளைப் பாத்தாரு, மேடையைப் பாத்தாரு, துண்டை உதறித் தோள்ல போட்டுட்டுப் போயிட்டாரு. மறுவாரம் நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு அவரே வந்து வேப்ப மரத்தடியில கிழக்கே தலை வச்சுக் கெடந்தாருன்னு ஒரு பேச்சு உண்டு. நான் பாக்கலை. பாத்தவங்க சொல்லக் கேட்டவங்க சொன்னது.

அதுல இருந்துதான் ஓடைக்குறிச்சியில தை மாசம் முதல் ஏலம் கூறறதுக்கு முன்னாடி சந்தையே ஒண்ணா மூச்சு விடும். யாவாரி, சுமைகாரன், வண்டிக்காரன், அத்தனை பேரும் பன்னண்டு எண்ணுற வரைக்கும். வெளியூர்க்காரங்க, என்னய்யா ஊரே வத்தலைக் கடிச்சிருச்சான்னு கேப்பாங்க. எல்லா ஊர்லயும் ஒருத்தனை அடக்கணும்னா, "மூச்சு விடாத"ன்னு ஒரு அதட்டல் போடுவாங்க இல்லையா? ஓடைக்குறிச்சியில போலீஸ்காரன்கூட அதைச் சொல்ல முடியாது. சொன்னா அங்கனயே நிறுத்தி, "அந்தப் பேச்சு இந்தச் சந்தையில செல்லாது, வேற சொல்லு"ன்னுருவாங்க.