ஸ்விட்ச் பக்கம் யாரும் இல்லை

– மறுபடியும் ‘நியர்’தானா? ரவி, பம்பாய்ல இருந்து வர்ற இன்சூரன்ஸ் ஆபீசர் அடுத்த கேள்வி என்ன கேப்பாரு தெரியுமா? பக்கம்னா எவ்வளவு பக்கம்னு கேப்பாரு.

– ‘நியர்’ தப்பில்லீங்களே லதா. காளியப்பன் மெஷினுக்குப் பக்கத்துலதானுங்களே நின்னான்.

– தப்பில்லை. ஆனா மில் கேட்ல நிக்கற வாட்ச்மேனும் மெஷினுக்குப் பக்கம்தான். இன்னைக்கு கிளாஸ்ல சார் என்ன சொன்னாரு? இடத்தைச் சொல்றதுக்கு முன்னாடி ஒரு குட்டி வார்த்தை சேருங்க, அப்பத்தான் இடம் ஆடாம நிக்கும்னாரு அல்லவா?

– ஆமாங்க. சாமுண்டி மலை நந்தியைச் சொன்னாருங்க. ‘அப் தி ஹில்’னா மலை மேல எங்கயோ. ‘ஹாஃப்வே அப் தி ஹில்’னா பாதி மலையில, தேடாமப் போயி நின்னுக்கலாம்.

– அப்ப ‘பிஹைண்ட் ஹிம்’னா பின்னால. ‘ரைட் பிஹைண்ட் ஹிம்’னா?

– அவன் முதுகை ஒட்டி.

– ‘ஆஃப்டர் தி பெல்’னா பெல்லுக்கு அப்புறம். ‘ஜஸ்ட் ஆஃப்டர் தி பெல்’?

– பெல் அடிச்ச கையோட.

– பாருங்க, எல்லாம் தெரியுது. வாயைத் திறந்தா மட்டும் அந்தக் குட்டி வார்த்தை எங்கயோ ஓடிப் போயிடுது.

– பயமா இருக்குதுங்க. ‘ரைட்’னு சொல்லிப் போட்டா அப்பறம் ஒரு அடி தள்ளி நிக்க முடியாதுங்களே. ‘நியர்’னா கொஞ்சம் எடம் கெடைக்குது. தப்பாப் போச்சுன்னா நகந்துக்கலாம்.

– காளியப்பனோட ரெண்டு விரல் போயாச்சு ரவி. அது எங்கயும் நகராது.

– நெசந்தானுங்க.

– ஏனம்மா லதா, இன்னும் முடியலையா? சார் ஸ்கூட்டர் எடுத்துட்டுப் போயி எத்தனை நேரம் ஆச்சு. நான் கதவுக்குப் பீகம் போட்டு வீட்டுக்குப் போகபேக்கு.

– பத்து நிமிஷம் பசம்மா. நாளைக்கு ரவி அந்த ஆபீசர் கிட்ட இங்கிலீஷ்ல பேசணும்.

– அவன் பேசட்டும், நீ கிளம்பு. அப்பாவுக்குச் சோறு கொண்டுபோகணும் அல்லவா? கேரியர் இங்கயே இருக்கு நோடு. ஆறிப்போகும்.

– போற வழியில மில் கேட்ல குடுத்துட்டுத்தான் போவேன். நீங்க கீழ் ரூம் ஜன்னல் எல்லாம் சாத்திட்டு வாங்க.

– பத்தே நிமிஷம். அப்புறம் ரெண்டு பேரையும் உள்ள வெச்சுப் பூட்டிடுவேன். இங்கிலீஷ்ல கத்துனாலும் திறக்கமாட்டேன்.

– பசம்மா சொன்னதைச் செஞ்சுரும்ங்க. ஒண்ணு பண்ணலாமுங்களா லதா? வெறும் வாயால சொன்னா எனக்குக் கொழம்பிப் போவுது. மேஜை மேல வெச்சுப் பாத்துச் சொல்றேன். இந்த டிக்ஷனரி மெஷின். இந்த சாக்பீஸ் டப்பா காளியப்பன்.

– நீங்க?

– நான் இந்த டஸ்டர். பிஹைண்ட் காளியப்பன். இருங்க இருங்க, ரைட் பிஹைண்ட் காளியப்பன்.

– ஆய்து, வந்துடுச்சு. டிக்ஷனரிக்குள்ள எதுக்கு பஸ் டிக்கெட்டைச் சொருகறீங்க?

– அது மெஷின்ல சிக்கிக்கிட்ட அட்டைங்க. இந்தப் பேனா மூடி ஸ்விட்ச். மெஷினுக்கு அந்தாண்ட ஒரு தூண் இருக்குது, அதுல.

– எல்லாத்தையும் ஒண்ணொண்ணா வெச்சுட்டுத்தான் பேசுவீங்க போல. சரி, இப்ப நான்தான் ஆபீசர். மில் ரிப்போர்ட்ல, மெஷின் ஓடிட்டு இருக்கும்போது காளியப்பன் கையை விட்டான்னு இருக்கு. உண்மையா?

– நோ சார். மெஷின் வாஸ் ஆஃப். ஜஸ்ட் ஆஃப்டர் தி டீ பெல்... வீ ஸ்டாப்ட் இட். அட்டை வாஸ்... சிக்கிக்கிச்சுங்கறதுக்கு என்னங்க?

– ஸ்டக். எங்க சிக்கிச்சு?

– டீப் இன்சைட் தி மெஷின். அதைப் புடிச்சு இழுக்கத்தானுங்க காளியப்பன் கையை உள்ள விட்டான். இவ்வளவையும் சொல்றதுக்குள்ள வேத்துப் போவுது பாருங்க.

– கன்னடத்துல சொன்னா ஒரே மூச்சுல சொல்லிடுவீங்க.

– கன்னடத்துல சொன்னா, அதை ஆபீசருக்கு இங்கிலீஷ்ல மாத்திச் சொல்லப் போறது உங்க...

– சூப்பர்வைசர்னே சொல்லுங்க. மில்லுக்குள்ள அவர் சூப்பர்வைசர்தான்.

– சூப்பர்வைசர் சாருங்க. ரிப்போர்ட் எழுதுனதும் அவருதான். நான் ஒண்ணு சொல்லி அவரு ஒண்ணு சொன்னா எனக்கு எப்படித் தெரியும்? காளியப்பன் எங்க கௌதள்ளி ஊர்க்காரன். மெஷின் ஓடறப்பக் கையை விட்டான்னு முடிவாயிட்டா நஷ்டஈடும் கெடையாது, வேலையும் கெடையாது. ரெண்டு விரல் இல்லாம வேற எந்த மில்லுல எடுப்பாங்க? அதுக்கோசரந்தானுங்களே இந்த கிளாஸ்ல சேந்தேன்.

– அப்ப ஆபீசர் கேள்வியை முடிச்சுடலாம். மெஷின் ஆஃப்ல இருந்துச்சு, சரி. அப்புறம் எப்படி ஓடுச்சு? ஹூ வாஸ் அட் தி ஸ்விட்ச்?

– ஐ டிட் நாட் ஸீ எனிபடி தேர், சார்.

– ம்.

– என்னங்க, தப்புங்களா?

– தப்பே இல்லை. அதான் யோசிக்கறேன். இவ்வளவு நேரத்துல நீங்க தடுமாறாம சொன்ன ஒரே வாக்கியம் அதுதான்.

– அது... நெறைய தடவ சொல்லிப் பாத்துட்டனுங்க.

– என்கிட்ட சொல்லிப் பாக்கலையே.

– சைக்கிள்ல வரப்ப, போறப்ப. தனியாத்தான்.

– சிக்குன அட்டைக்குக்கூட ஒரு பஸ் டிக்கெட் வெச்சீங்க. பேனா மூடி பக்கத்துல மட்டும் ஏன் காலியா இருக்கு?

– அதை விட்டறலாமுங்க. மெஷின் ஆஃப்ல இருந்துச்சுன்னு சொன்னாப் போதும். காளியப்பனுக்குச் சேர வேண்டியது சேந்துரும்.

– சேராது. நின்ன மெஷின் தானா ஓடாது. யாரும் போடலைன்னு நீங்க சொன்னா, அது ஓடிக்கிட்டுத்தான் இருந்துச்சுன்னு ஆபீசர் எழுதிட்டுப் போயிடுவாரு. இந்த டஸ்டருக்கும் பேனா மூடிக்கும் நடுவுல மறைக்கற மாதிரி ஒண்ணுமே இல்லை ரவி. காளியப்பன் குனிஞ்சுட்டாரு. உங்களுக்கு ஸ்விட்ச் நேரா எதிர்ல.

– எனக்குத் தெரியாதுங்களா அம்மிணி? ஆனா அதைச் சொன்னா ஒரு மனுசனோட வேலை போயிருமுங்க, கேசு வரும். வேணும்னு பண்ணலீங்க அது. வெளிய லாரி நிக்குது, ஆரன் அடிக்கிறான், மெஷின் சும்மா நிக்குதேன்னு ஓடியாந்து, உள்ள கை இருக்கறதைப் பாக்காம...

– பாக்கலைன்னீங்க.

– உங்க மூஞ்சியைப் பாத்துக்கிட்டு எப்படிங்க சொல்றது? ஒரு ‘ரைட்’, ஒரு ‘ஜஸ்ட்’ வரலைன்னாக்கூட உக்காத்தி வெச்சுச் சொல்லிக் குடுத்தவிய நீங்க. நான் அதையே எடுத்துட்டுப் போயி...

– இதைச் சொல்லத்தான் சொல்லிக் குடுத்தேன்.

– லதா, கீழ எல்லாம் சாத்தி ஆய்து. நான் படி ஏறி வரமாட்டேன், முட்டி வலிக்குது. நீங்களே இறங்கி வாங்க.

– வரோம் பசம்மா. ரவி, அந்தக் கேரியரை இப்படிக் குடுங்க.

– இந்தாங்க. போலாமுங்க, சோறு ஆறிப்போயிருச்சு. ஏனுங்க, அதைக் கொண்டுபோயி மேஜை மேல வெக்கறீங்க? அதுவும் பேனா மூடிகிட்ட?

– காளியப்பனுக்கு விரல் போன அன்னைக்கு இந்தக் கேரியர் திறக்காமலே வீட்டுக்கு வந்துச்சு. அடுத்த நாளும் அப்படித்தான். இன்னைக்கு வரைக்கும் பாதி மிச்சம் வெச்சுத்தான் அனுப்பறாரு. வீட்டுல லைட் போடக்கூட அம்மாவைத்தான் கூப்பிடறாரு. இருட்டுல உக்காந்திருந்தாலும் இருப்பாரே தவிர ஸ்விட்ச்ல கை வைக்கறதில்லை. ஏம்ப்பான்னு கேட்டா எந்திரிச்சு வெளியில போயிடறாரு.

– உங்கப்பா நல்ல மனுசனுங்க லதா. நான் மில்லுல சேந்த புதுசுல எனக்குத் தங்க எடம் பாத்துக் குடுத்ததே அவருதான்.

– எனக்கும் தெரியும். இன்னும் எவ்வளவு நாள் அவர் அப்படி இருட்டுல உக்காந்திருப்பாரு?

– கேரியரை எடுங்க. அது அங்க இருக்க வேண்டாமுங்க.

– அவர் எங்க நின்னாரோ அங்கதான் வெச்சிருக்கேன். நான் ஆபீசர். ஹூ வாஸ் ஸ்டாண்டிங் ரைட் பிசைட் தி ஸ்விட்ச்? தடுமாறியே சொல்லுங்க ரவி, பரவாயில்லை.